நுனி இலை

அக்கா வீட்டுக்குள் நுழைந்தபோது பிசின் வாசனை அடித்தது. சாம்பிராணி போட்டிருக்கிறாள் போல என்று நினைத்தேன். சமையலறைக்குப் போனால் ஓவனுக்குள் ஒரு தட்டு நிறையப் பைன் காய்கள். 200 டிகிரி ஃபாரன்ஹீட்டில் அரை மணி நேரம் வைத்தால் உள்ளே இருக்கும் பூச்சி செத்துவிடும், பிசின் உருகி மினுமினுப்பாகப் படியும், மூடியிருக்கும் செதில்கள் விரிந்துகொடுக்கும் என்றாள்.

"இது என்னத்துக்கு, திங்கவா?"

"மேசையில வைக்க."

"பைன் காயையா?"

"காய் இல்லட்டி, கூம்பு. பூக்காத மரத்துல காய் எப்படி வரும்?"

இருபத்தொரு வருடமாக அமெரிக்காவில் இருக்கிறாள். திருத்துவது மட்டும் மாறவில்லை.

அது 2019 அக்டோபர் இரண்டாம் வாரம். ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசிக்கப் போன நான், அது முடிந்ததும் பாஸ்டனுக்கு மேற்கே ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் அக்கா வீட்டில் ஆறு நாள் தங்கினேன். சனிக்கிழமை இரவு அத்தானின் அலுவலக நண்பர்கள் விருந்துக்கு வருவதாக இருந்தது. அந்த ஓர் இரவுக்காக அக்கா மூன்று வாரமாகச் சாப்பாட்டு அறையைத் தயார் செய்துகொண்டிருந்தாள். இலையுதிர் காலம் வந்தால் அந்தப் பக்கத்துப் பெண்கள் வாசல்படியில் பூசணிக்காய் அடுக்குகிறார்கள். கதவில் மக்காச்சோளக் கதிர் தொங்கவிடுகிறார்கள். சாப்பாட்டு மேசையின் நடுவில் இலையும் கொட்டையும் சுரைக்காயும் பரப்புகிறார்கள். ஃபால் டெகரேஷன் என்று பேர். செப்டம்பர் பிறந்ததுமே கடைகளில் பிளாஸ்டிக் மேப்பிள் இலைகள் சரம் சரமாக வந்துவிடும். அக்கா பிளாஸ்டிக்கைத் தொடமாட்டாள்.

எனக்கு எரிச்சலாக இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. கல்லூரியில் பெண்ணெழுத்து நடத்துகிறவள் நான். வீட்டை அழகாக வைத்திருப்பது எப்படிப் பெண்ணின் கூலியில்லா வேலையாகவும் குணச் சான்றிதழாகவும் ஆனது என்று கட்டுரையே எழுதியிருக்கிறேன். அந்தக் கட்டுரையை அக்காவுக்கு அனுப்பியபோது "நல்லாயிருக்கு" என்று ஒரு வார்த்தையில் பதில் வந்தது. அவள் படித்தாளா என்று அப்போது தெரியவில்லை.

பாளையங்கோட்டையில் தாவரவியல் எம்.எஸ்ஸி. படித்தவள் அவள். களக்காட்டு மலைக்கும் குற்றாலத்துக்கும் போய்ச் செடி சேகரித்துக்கொண்டு வருவாள். வீட்டில் எங்கே பார்த்தாலும் செய்தித்தாள் அடுக்கு, அதன்மேல் அம்மிக்குழவி, உரல், அப்பாவின் சட்டப் புத்தகங்கள். அப்பா படித்து முடிக்கும் முன்பே அன்றைய தாள் காணாமல் போயிருக்கும். தேடினால் ஏதாவதொரு பெரணியின் கீழே கிடைக்கும். காய்ந்த செடியை அட்டையில் தைத்து ஒட்டி, வலது மூலையில் ஒரு சீட்டு எழுதுவாள்: தாவரத்தின் பெயர், இடம், நாள், சேகரித்தவர் பெயர், எண். அந்த எண்ணை யாரும் தொடக்கூடாது. ஒரு தாவரவியலாளர் முதல் செடிக்கு ஒன்று என்று போட ஆரம்பித்தால் ஆயுள் முழுக்க அதே வரிசைதான் போகும், இடையில் அறுத்து மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கக்கூடாது என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

1998இல் கல்யாணம். அத்தானின் வேலை விசாவோடு ஒட்டிய எச்-4 விசாவில் போனாள். அந்த விசாவில் இருக்கும் மனைவி வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளலாம், கார் ஓட்டலாம், படிக்கலாம். சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. அவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை அனுமதி கொடுத்தது 2015 மே மாதத்தில். அக்காவுக்கு 2010லேயே கிரீன் கார்டு வந்துவிட்டது. ஆனால் அப்போது அவள் படிப்பை முடித்துப் பதினாறு வருடம் ஆகியிருந்தது. பிள்ளைக்கு எட்டு வயது. நேர்காணல் என்று இரண்டு இடத்துக்குப் போய்வந்தாள். பிறகு அதைப் பற்றிப் பேசுவதில்லை.

ஆகவே அந்தச் சாப்பாட்டு அறை எனக்குக் கண்ணை உறுத்தியது. அந்த வீட்டில் தினமும் சாப்பிடுவது சமையலறை மேடையோரம் உயர ஸ்டூலில் உட்கார்ந்துதான். சாப்பாட்டு அறை தனியாக, கதவைச் சாத்திவைத்தது மாதிரி, விருந்தாளிக்காகவே இருக்கிறது. நீள மேசை, எட்டு நாற்காலி. ஜன்னலுக்கு வெளியே ஒரு மேப்பிள், நட்டநடுவில் தீப்பிடித்தது போல.

வெள்ளிக்கிழமை காலை என்னையும் இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னாலிருந்த காட்டுப்பாதைக்குப் போனாள். கையில் பழைய தொலைபேசிப் புத்தகம் ஒன்று, இலை வைக்க. தரையெல்லாம் இலை. நான் கண்ணுக்கு அழகாகப் பட்டதையெல்லாம் குனிந்து குனிந்து பொறுக்கினேன். அவள் ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்துத் தள்ளினாள். இதில் புள்ளி விழுந்திருக்கிறது, பூஞ்சை. இது நேற்றே விழுந்தது, அயர்ன் பண்ணினால் பழுப்பாகிவிடும். இரண்டு சிவப்பு இலைகளைச் சேர்த்துப் பிடித்து வித்தியாசம் என்ன என்று கேட்டாள். எனக்கு இரண்டும் கனடா நாட்டுக் கொடி. "ஓரத்தைப் பாரு. இதுல ரம்பப் பல்லு இருக்கு, வெட்டு 'வி' மாதிரி இறங்குது. இது ரெட் மேப்பிள், ஏசர் ரூப்ரம். அதுல பல்லு கிடையாது, வெட்டு 'யு' மாதிரி வளைஞ்சிருக்கு. ஏசர் சாக்கரம், பாகு காய்ச்சுத மரம்." பிறகு ஒரே மரத்தில் மூன்று வடிவத்தில் இலை விடும் ஒன்றைக் காட்டினாள். ஒன்று சாதாரண முட்டை வடிவம், ஒன்று கட்டைவிரல் மட்டும் பிரிந்த கையுறை, ஒன்று மூன்று மடல். சாசஃப்ராஸ். மூன்றையும் பறித்துப் புத்தகத்தில் வைத்தாள்.

மேசையின் இரு ஓரத்துக்கும் வைத்த பீச் மரக் கிளைகளை மூன்று வாரம் முன்பே வெட்டியிருந்தாள். தண்டின் அடியைச் சுத்தியலால் நசுக்கி, ஒரு பங்கு கிளிசரின், இரண்டு பங்கு வெதுவெதுப்பான தண்ணீர் கலந்த வாளியில் நிற்கவைத்தால் இலை தண்ணீருக்குப் பதிலாகக் கிளிசரினைக் குடித்துவிடும். பிறகு எத்தனை மாதமானாலும் நொறுங்காது, தோல் மாதிரி வளையும். ஆனால் இலை பச்சையாக இருக்கும்போதே செய்ய வேண்டும். ஏன், நிறம் மாறிய பிறகு செய்தால் என்ன என்று கேட்டேன்.

"குடிக்காதுட்டி. நிறம் மாறும்போதே காம்பு அடியில மரம் அடைப்பு வச்சிரும். காத்துல விழுதுன்னு நாம நினைக்கோம். அதுக்கு முன்னாடியே வழியை அடைச்சாச்சு."

மஞ்சள் புதிதாக வருவதல்ல, பச்சயம் சிதைந்ததும் அடியிலிருந்தது தெரிகிறது. சிவப்புதான் இலை கடைசி நேரத்தில் புதிதாகச் செய்வது என்றும் சொன்னாள். நான் முதல் கவிதைத் தொகுப்பில் 'இலையுதிர் காலம்' என்று நாலைந்து இடத்தில் எழுதியிருக்கிறேன். பாபநாசம் தாண்டாத வயதில் எழுதியது. நம் ஊரில் வேம்பு இலை உதிர்ப்பது மாசியில், வெயிலைப் பார்த்து. ஐப்பசியில் நமக்கு மழை. பழைய ஆறு பருவத்தில் இலையுதிர் காலம் என்று ஒன்றே கிடையாது. ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். பாடப்புத்தகத்திலும் மொழிபெயர்ப்பு நாவலிலும் படித்த உதிர்வை என் துயரம் என்று நினைத்து எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கூதிர் காலத்துக்கு வீட்டை மாற்றும் வேலை நமக்கும் இருந்ததுதான். நெடுநல்வாடையை வருடா வருடம் நடத்துகிறேன். மழை விடாமல் பெய்து பொழுதே தெரியாத ஊரில், தட்டில் பறித்து வைத்த பிச்சி மொட்டு விரிவதைக் கண்டு பெண்கள் மாலை வந்ததை அறிகிறார்கள். இரும்பு விளக்கில் நெய்த்திரி ஏற்றி, நெல்லும் பூவும் தூவிக் கும்பிடுகிறார்கள். வேனிலில் தென்றலுக்குத் திறந்த ஜன்னல் சாத்தப்படுகிறது. விசிறி சுருக்கி மாட்டப்பட்டுச் சிலந்தி கூடு கட்டுகிறது. சந்தனக் கல் சும்மா கிடக்கிறது. வாய் குறுகிய கூஜாவின் குளிர்ந்த தண்ணீரை யாரும் குடிப்பதில்லை, வாய் அகன்ற தடாவில் நெருப்பு. இதையெல்லாம் வகுப்பில் சொல்லும்போது நக்கீரரின் நுணுக்கம், உற்றுநோக்கல் என்று சொல்வேன். விசிறியைச் சுருக்கி மாட்டியது யார் என்று ஒரு மாணவிகூடக் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

வெள்ளி மதியம் அக்கா மேசையை அடுக்கினாள். அவளுக்கு அதற்கென்று விதிகள். எதிரே உட்கார்ந்திருப்பவர் முகத்தை மறைக்கிற உயரத்துக்கு எதுவும் இருக்கக் கூடாது. வாசனை மெழுகுவர்த்தி கூடாது, சாப்பாட்டு வாசனையோடு சண்டை போடும், தேன்மெழுகு மட்டும். ஓக் கொட்டைகளையும் ஓவனில் வைத்தே எடுக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே இருக்கும் கூன்வண்டின் புழு துளை போட்டுக்கொண்டு விருந்தாளியின் தட்டை நோக்கி ஊர்ந்து வரும். (ஒரு வருடம் வந்ததாம். அத்தானின் மேலதிகாரியின் தட்டுக்கு.) பரு விழுந்த குட்டிச் சுரைக்காய்களை வினிகர் தண்ணீரால் துடைத்து வைத்தாள். அவற்றைக் கழுவிப் போட்டால் அழுகும்; துடைத்து, உலர்த்தி, ஒன்றையொன்று தொடாமல் வைக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண்மணி ஆசையாக ஒரு கொடியை வெட்டிக்கொண்டு வந்து கொடுத்தார். மஞ்சள் தோல் வெடித்து உள்ளே சிவப்பு மணி, பார்க்கக் குன்றிமணி மாதிரி கொள்ளை அழகு. அக்கா நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள். அவர் போனதும் கறுப்புப் பையில் போட்டுக் கட்டிவிட்டாள். பிட்டர்ஸ்வீட். கிழக்காசியாவிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் அழகுக்கென்று கொண்டுவந்தது. இப்போது காட்டு மரங்களைச் சுற்றி நெரித்துக் கொல்கிறது. மாலையில் வைத்துக் கட்டி வாசலில் மாட்டினால் பறவை பழத்தைத் தின்று எங்கெல்லாமோ எச்சமிடும். "உரக்குழியிலகூடப் போடக் கூடாது" என்றாள்.

அம்மாவுக்கு வீடியோவில் மேசையைக் காட்டினோம். ஊரில் பின்னிரவு, அம்மாவுக்குத் தூக்கம் வருவதில்லை.

"ஏட்டி, அது என்ன, சாக்கா விரிச்சிருக்கே?"

மேசை நடுவே நீளவாக்கில் போட்டிருந்தது சணல் துணிதான். நெல் மூட்டைத் துணி.

"ஆமாம்மா. அதுதான் இங்க அழகு."

"விருந்துக்கு வாரவங்களுக்கா? பூசணிக்கா வேற உருட்டி வச்சிருக்கா. திருஷ்டி கழிக்கியா? அது என்ன, இலையைச் சுத்தி வச்சிருக்க, இலையில சோறு போடலியா?"

மூன்று பேரும் சிரித்தோம். தாமிரபரணிக் கரையில் எங்கள் வீட்டுக் கொல்லையில் எப்போதும் வாழை நின்றது. தினமும் இலைச் சாப்பாடு. அப்பாவுக்கு நுனி இலை. எங்களுக்கு ஏடு. அம்மாவுக்கு இலை கிடையாது. அப்பா சாப்பிட்டு எழுந்ததும் அந்த எச்சில் இலையிலேயே உட்கார்ந்து சாப்பிடுவாள். அப்பா கெட்டவர் இல்லை; இலையின் ஓரத்தில் அம்மாவுக்கென்று ஒரு வடையோ அப்பளமோ தொடாமல் விட்டுவைப்பார். அதை அன்பு என்று சின்ன வயதில் நானும் நம்பினேன். இப்போதும் அது அன்பு இல்லை என்று அடித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. அதுதான் தொந்தரவு.

சனிக்கிழமை காலை என்னைச் சமையலறையிலிருந்து துரத்தியதால் ஊர் நூலகத்துக்குப் போனேன். அங்கே இந்த மேசையின் பாட்டி ஒருத்தியைக் கண்டுபிடித்தேன். சாரா ஜோசஃபா ஹேல். பக்கத்து மாநிலமான நியூ ஹாம்ப்ஷயரில் 1788இல் பிறந்தவர். 1822இல் கணவர் இறந்தபோது ஐந்து குழந்தைகள். எழுதிப் பிழைத்தார். நம் பிள்ளைகள் எல்லோரும் மழலையர் பள்ளியில் பாடும் மேரியின் ஆட்டுக்குட்டிப் பாட்டு அவர் எழுதியது, 1830இல். நாற்பது வருடம் 'கோடீஸ் லேடீஸ் புக்' என்ற பெண்கள் பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தார். வீடு எப்படி இருக்க வேண்டும், மேசை எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு தலைமுறைப் பெண்கள் அதைப் பார்த்துத்தான் கற்றார்கள். அறுவடை முடிந்து குடும்பம் கூடி உண்ணும் நன்றி நாளை நாடு முழுவதற்கும் பொது விடுமுறையாக்கச் சொல்லி ஆளுநர்களுக்கும் குடியரசுத் தலைவர்களுக்கும் வருடக்கணக்கில் கடிதம் எழுதினார். 1863 செப்டம்பர் 28இல் லிங்கனுக்கு எழுதினார்; அக்டோபர் 3இல் அறிவிப்பு வந்தது. பெண்கள் கல்லூரி படிக்க வேண்டும் என்று வாதாடியவர், பெண்ணுக்கு வாக்குரிமை வேண்டாம் என்றும் எழுதினார். பெண்ணின் ராஜ்ஜியம் வீடு. அதைச் சொல்லித் தன் சம்பாத்தியத்தில் ஐந்து பிள்ளைகளை வளர்த்தவர், கணவருக்காகக் கடைசிவரை கறுப்பு உடுத்தியவர். அவரை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாமல் புத்தகத்தை மூடினேன்.

இந்த மேசையில் இன்னொரு கூட்டமும் உட்கார்ந்திருக்கிறது. பூசணியும் மக்காச்சோளமும் ஐரோப்பியர் கொண்டுவந்தவை அல்ல. அந்த மண்ணின் வாம்பனோவாக் மக்களிடையே வயல் வேலை பெரும்பாலும் பெண்களுடையது. சோளம், அவரை, பூசணி மூன்றையும் சேர்த்து நட்டு அவற்றை மூன்று சகோதரிகள் என்று அழைக்கும் ஹோடனொஷோனி மக்களிடத்திலும் அப்படியே. கதவில் தொங்கும் வண்ணச் சோளக் கதிரின் விதையைப் பாதுகாத்துத் தந்தவர்கள் அவர்கள். அலங்காரத்தில் அவர்கள் பெயர் இல்லை.

மாலை ஆறுக்கே இருட்டத் தொடங்கியது. அக்கா குடைந்த சுரைக்காய்களில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். ஒவ்வொரு தட்டின் மேலும் அழுத்திய இலை ஒன்று. அதில் தங்க நிறப் பேனாவால் விருந்தாளியின் பெயர். மூன்று தம்பதிகள், ஆறு. அத்தான், ஏழு. சாசஃப்ராஸ் இலையில் என் பெயர், எட்டு.

"உன் இலை எங்க?"

"எட்டு நாற்காலிதான இருக்கு."

"நான் வராட்டி அந்த எட்டாவது யாரோடது?"

"என்னோடதுதான். ஆனா நான் எங்க உட்காந்தேன்? அதுல கைப்பையை வச்சிருவாவ."

சமையலறையிலிருந்து ஸ்டூலை எடுத்துவந்து மேசையோரம் போட்டேன். உயரம் பொருந்தவில்லை, ஸ்டூல்மேல் உட்கார்ந்தால் கோயில் யானைமேல் உட்கார்ந்த மாதிரி மேசை எங்கோ கீழே இருந்தது. மாடியிலிருந்து மேசை நாற்காலி ஒன்றைக் கொண்டுவரப் போனேன். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. ஒன்பதாவதைச் சொருகினால் இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் நாலு ஆகும், கிளைகளையெல்லாம் எடுக்க வேண்டும், மூன்று வாரமாகச் செய்தது, நீ போய்ப் புடவை மாற்று என்றாள். நான் "நீ உட்காராத மேசையை எதுக்கு ஜோடிக்கே?" என்று கேட்டேன். என் கட்டுரையின் கடைசி வாக்கியமும் ஏறக்குறைய அதேதான். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். படித்திருக்கிறாள்.

வாசல் மணி அடித்துவிட்டது.

விருந்து நன்றாகவே நடந்தது. மேசையைப் பார்த்து எல்லோரும் வாய் பிளந்தார்கள், படம் எடுத்தார்கள், இதைச் செய்து இணையத்தில் விற்கலாமே என்றார்கள். அத்தான் பெருமையாக "இது அவ ஹாபி" என்றார். பெருமையாகத்தான் சொன்னார், அதில் குற்றம் கண்டுபிடிக்க முடியாது. மேலதிகாரியின் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னிடம் நான் என்ன ஆய்வு செய்கிறேன் என்று கேட்டார். உங்கள் ஊரில் இலையுதிர் காலம் உண்டா என்றார். நான் உற்சாகமாகக் கூதிரைப் பற்றி ஆரம்பித்தேன். பிச்சி மொட்டைச் சொன்னேன், விளக்கைச் சொன்னேன், பூட்டிய ஜன்னலைச் சொன்னேன். இரண்டாயிரம் வருடத்துக்கு முன் ஒரு கவிஞர் பெண்களின் அன்றாடச் சிறு வேலைகளை எவ்வளவு கூர்ந்து கவனித்திருக்கிறார் பாருங்கள் என்றேன். எல்லோரும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். நல்ல ஆங்கிலத்தில், கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தபோது என் தோளுக்கு மேலாக ஒரு கை வந்து சுடச்சுடக் கோழிக் குழம்புக் கிண்ணத்தை வைத்தது. "கையை எடுட்டி, சுடும்" என்று தமிழில் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

பிறகு நான் என்ன பேசினேன் என்று நினைவில்லை. பேச்சை முடித்தேன், அவ்வளவுதான்.

பத்தரைக்கு எல்லோரும் கிளம்பினார்கள். அத்தான் பாத்திரங்களை எடுத்து டிஷ்வாஷரில் அடுக்கிவிட்டு மாடிக்குப் போனார். நான் சாப்பாட்டு அறைக்கு வந்தபோது அக்கா மேசையின் தலைமாட்டு நாற்காலியில், அத்தான் உட்கார்ந்திருந்த இடத்தில், தட்டில் தயிர்சோறும் நான் கொண்டுபோயிருந்த மாவடுவுமாக உட்கார்ந்திருந்தாள். மெழுகுவர்த்திகள் இன்னும் எரிந்தன.

"பெரிய லைட்டை அணை."

அணைத்தேன். மேசையின் நிறமே மாறியது. பீச் இலைகள் செம்பு மாதிரி இருந்தன. பைன் கூம்புகளின் பிசின் மினுங்கியது. இதற்குத்தான் அவள் மூன்று வாரம் வேலை செய்தாள் என்பது போல இருந்தது. வந்தவர்களுக்கு அல்ல, இந்தப் பத்தரை மணிக்கு. கேட்டேன். "தெரியலட்டி" என்றாள். "ரெண்டும்தான். அவங்க வராம இருந்தா நான் செய்வேனான்னு கேட்டா, தெரியல."

விருந்தாளிகளின் இலைகளைச் சேகரித்துக்கொண்டிருந்தாள். ஒன்றில் யாரோ எலும்பு ஒதுக்கி வைத்திருந்தார்கள். திருப்பிப் பார்த்தேன். பின்புறம் தபால்தலை அளவில் காகிதம் ஒட்டி, பொடி எழுத்தில்: குவெர்கஸ் ரூப்ரா. வீட்டுக்குப் பின் காட்டுப்பாதை. அக்டோபர் 11, 2019. அதன் கீழே அவள் பெயர், கல்யாணத்துக்கு முன்பிருந்த அப்பாவின் முதலெழுத்தோடு. எண் 571.

பாளையங்கோட்டையில் அவள் விட்ட எண் எனக்குத் தெரியும். 213. கடைசிச் செடி, கல்யாணத்துக்கு முந்தின மாதம் களக்காட்டில் எடுத்தது. அந்த அட்டையை நான்தான் கட்டிப் பரணில் வைத்தேன்.

"எல்லாமே வரிசையா இருக்கா?"

"ம். நோட்டு மேல இருக்கு. ஏழு நோட்டு." பிறகு, எட்டு இலைகளையும் எண்ணிப் பார்த்து, "ஒண்ணு குறையுது. சுகர் மேப்பிள். மேனேஜர் பொண்டாட்டி கொண்டுபோயிட்டா போல" என்றாள். வருத்தமாகச் சொல்லவில்லை. "நோட்டுல எழுதிரலாம், இரட்டைப் பிரதி வெளியே கொடுத்ததுன்னு."

நான் எதிரே உட்கார்ந்தேன். அவள் மாவடுவைக் கடித்தாள். அப்பா இறந்தபோது, 2009இல், விசா புதுப்பிப்பில் சிக்கி அவளால் வர முடியவில்லை. அதைப் பற்றி நாங்கள் நேரில் பேசியதே இல்லை. தொலைபேசியில் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லியிருந்தேன், ஒன்றைத் தவிர. ஏனோ அப்போது சொன்னேன். பதினாறு முடிந்து உறவுக்காரர்கள் எல்லாம் போன மறுநாள் மதியம். சமைத்து வைத்துவிட்டு அம்மா தாழ்வாரத்தில் வழக்கம்போல ஓரமாகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யார் சாப்பிட்டு எழுவதற்கு என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. நான் கொல்லைக்குப் போய் ஓர் இலை அறுத்துவந்து, தண்ணீர் தெளித்து, அம்மா முன்னால் போட்டேன். அம்மா அதைப் பார்த்தபடியே இருந்தாள். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. ரசம் ஆறிவிட்டது. பிறகு, யாருக்கோ விட்டுவைப்பது மாதிரி, ஓர் அப்பளத்தை ஓரத்தில் ஒதுக்கிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள்.

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மெழுகுவர்த்தி கரைந்து சுரைக்காய்க்குள் புகைந்தது. அதை விரலால் அமுக்கி அணைத்தாள்.

"நீ அறுத்தது ஏடா, நுனி இலையா?"

"நுனி இலை."

"ம்" என்று தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். "அந்த மாவடுவை இன்னும் ரெண்டு எடுத்துப் போடு."